எல்லாரும் போடுறாங்களே!

போன வாரம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். செம்பனை ஆலையில் முதல் சம்பளம். அதில் 200 வெள்ளியைக் கூட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கூட்டு என்றால் சீட்டு: மாதாமாதம் எல்லாரும் காசு போட, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. "யார் பிடிக்கிறது?" என்றேன். "சரியாத் தெரியாதுண்ணே. எங்க ஷிப்ட்ல எல்லாரும் போடுறாங்க." 20 வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வசனம். தேத்தண்ணி உள்ளே இறங்கவில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். விட்டுவிடுகிறேன். நாம் பண்ணும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

கூட்டத்தைச் சாட்சிக்கு வைப்பது

எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பத்துப் பேர், மாதம் 200 வெள்ளி. என் முறை ஒன்பதாவது மாதம். கூட்டு பிடித்த அக்கா பள்ளிக்கூட நோட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான். ரசீது கேட்க முதல் நாளே நாக்கு நுனிவரை வந்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. பணத்தை நீட்டிவிட்டேன். ஆறாம் மாதம் கட்டிய மறுவாரம் அவர் வீட்டில் பூட்டு. 1,200 வெள்ளி அத்தோடு சரி.

காசு போனதுகூட ஆறிவிட்டது. அப்புறம் பேசிப் பார்த்தால், எங்களில் நாலு பேருக்கு முதல் நாளே அதே சந்தேகமாம்! இதுதான் இன்னும் எரிகிறது. நான் அவர்களைப் பார்த்து நம்பினேன், அவர்கள் என்னைப் பார்த்து நம்பியிருக்கிறார்கள். நோட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கோடுகளை வைத்துச் சோதித்தார். எது சம நீளம் என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் மற்றவர்கள் பேசிவைத்துத் தவறாகச் சொன்னதும், நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். அந்தக் கும்பலில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது இது வெகுவாகக் குறைந்தது. அன்று நான் 'ரசீது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சட்டம் இருக்கிறதே என்பது

இருக்கிறது. கூட்டைத் தொழிலாக நடத்த 1971-லேயே தடை. என் காசு திரும்பவில்லை.

அதற்காக எதிலும் சேராமல் முறைத்துக்கொண்டு திரிவது

சில வருடம் திரிந்தேன். அதுவும் தப்பு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அமைச்சராக இருந்த நம்மூர்க்காரர் துன் சம்பந்தன் தொழிலாளர் காசைச் சேர்த்துத்தான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டுறவு என்றால் கணக்கு உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு, எழுந்து கேட்கலாம்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்பது

தம்பியை ரசீது கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறான். "நீ மட்டும்தான் கேட்கிற" என்றார்களாம்.