வேதிப்பொருள் பாதுகாப்புத் தகவல்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் முதல் தவறு, பாதுகாப்புத் தரவுத் தாளை ஏதாவது கொட்டிய பிறகு தேடுவது. எஸ்டிஎஸ் என்று அழைக்கப்படும் இந்தத் தாளில் 16 பிரிவுகள் உள்ளன. கையில் அமிலம் பட்டு எரியும் நேரத்தில் அவற்றைப் புரட்டிப் பொருள்கொள்ள யாராலும் முடியாது. சோதனையைத் தொடங்கும் முன்பே, அபாயங்களைச் சொல்லும் 2ஆம் பிரிவையும், முதலுதவிக்கான 4ஆம் பிரிவையும், தற்காப்புச் சாதனங்களைக் கூறும் 8ஆம் பிரிவையும், எதனுடன் சேர்க்கக் கூடாது என்பதை விளக்கும் 10ஆம் பிரிவையும் படித்துவிட வேண்டும்.

பெயரை மட்டும் நம்பித் தேடுவது அடுத்த தவறு. மெத்தனால், எத்தனால் என்ற இரண்டு பெயர்களுக்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது; உடலுக்கு விளையும் தீங்கிலோ அது மிகப் பெரிது. ஆகவே பாட்டிலின் லேபிளில் உள்ள சிஏஎஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணைக் கொண்டு தேடுவதே நம்பகமானது. மெத்தனாலின் எண் 67-56-1. அதன் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம்: அதற்கு முன்னுள்ள இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3, 4 ஆகியவற்றால் முறையே பெருக்கிக் கூட்டினால் 6, 10, 21, 24 சேர்ந்து 61 வரும், அதன் ஒன்றாம் இலக்கமான 1தான் எண்ணின் கடைசியில் நிற்கிறது. எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது நேரும் பிழையை இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். செறிவையும் ஒப்பிட்டாக வேண்டும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்கான தாளை வைத்துக்கொண்டு 30 சதவீதக் கரைசலைக் கையாளுவது, தாளே இல்லாமல் கையாளுவதை விட ஆபத்தானது என்பேன். ஏனெனில் அது பொய்யான தைரியத்தைத் தருகிறது.

எண்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதும் உண்டு. வேதிப்பொருள் அபாயங்களை உலக அளவில் ஒரே முறையில் பிரிக்கும் ஜிஹெச்எஸ் வகைப்பாட்டில் ஓர் அபாயத்தின் 1ஆம் வகையே மிகக் கடுமையானது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் சாய்சதுர வடிவிலான என்எஃப்பிஏ குறியீட்டிலோ 0 மிகக் குறைவையும் 4 மிக அதிகத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒரே அளவுகோலாக எண்ணிவிட்டால், கொடிய நஞ்சைச் சாதாரணப் பொருளாகக் கருதிவிட நேரும்.

கையுறை குறித்த அலட்சியத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நச்சு உலோகங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில், நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள், லேடெக்ஸ் கையுறை அணிந்தே டைமெதில் பாதரசத்தைக் கையாண்டார். கையுறையின் மீது சில துளிகள் மட்டுமே விழுந்தன. 1997 ஜூனில் அவர் பாதரச நஞ்சினால் இறந்தார். அந்தச் சேர்மம் அத்தகைய கையுறையைச் சில நொடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனைகளில் தெரியவந்தது. அவர் கவனக்குறைவானவர் அல்லர். அன்று ஏற்கப்பட்டிருந்த முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தவர். ஆகவே, “தகுந்த கையுறை அணியவும்” என்று மட்டும் ஒரு தரவுத் தாள் கூறினால், அதோடு நின்றுவிடாமல், கையுறைத் தயாரிப்பாளர் வெளியிடும் ஊடுருவல் நேர அட்டவணையில் அந்த வேதிப்பொருளைத் தேடிப் பார்க்க வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை அசிட்டோனை நீண்ட நேரம் தடுக்காது என்பதுகூட அப்போதுதான் புலப்படும்.

தரவுத் தாள் தனி ஒரு பொருளைப் பற்றியது. நாம் செய்யப்போகும் சோதனையைப் பற்றியதன்று. நைட்ரிக் அமிலத்தின் தாளையும் எத்தனாலின் தாளையும் தனித்தனியே படித்தவர்கூட, இரண்டின் கழிவையும் ஒரே பாட்டிலில் ஊற்றி இறுக மூடிவிடக்கூடும். உள்ளே வாயு உருவாகி அழுத்தம் ஏறி, பாட்டில் வெடிக்கும். கலப்பதும் சூடேற்றுவதும் கழிவை அகற்றுவதும் என ஒவ்வொரு படியிலும் எது எதனைச் சந்திக்கிறது என்று எழுதிப் பார்ப்பதற்கு மாற்று வழி இல்லை.

பயிற்சியை ஒரு கையொப்பத்தோடு முடித்துக்கொள்வது இறுதியாகச் சுட்ட வேண்டிய தவறு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பயன்படுத்தும் ஆய்வகத்தில், அந்த அமிலம் தோலில் பட்டால் முதலுதவியாகப் பூசும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கும் இடமும் காலாவதி நாளும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண் கழுவும் சாதனத்தைப் படத்தில் காட்டினால் போதாது; கண்ணில் வேதிப்பொருள் தெறித்தவரால் கண்ணைத் திறக்கவே முடியாது. ஆகவே, தத்தம் மேசையிலிருந்து நடந்து சென்று, கண்களை மூடியபடி அதன் கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்துத் திறக்கவும், இமைகளை விரல்களால் விலக்கிப் பிடித்து 15 நிமிடங்கள் கழுவ வேண்டும் என்பதை உணரவும், ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் செய்து பழக வேண்டும்.