கம்பத்துக்கு மேலே பஞ்சர் ஆனால்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் தேனி, கம்பம், போடி பக்கம் சொந்தம் உள்ளவர்கள் தேக்கடியையோ மூணாறையோ பார்க்காமல் திரும்புவதில்லை. முன்பெல்லாம் மாமாவோ சித்தப்பா மகனோ ஜீப் பிடித்துக் கூட்டிப் போவார்கள். இப்போது மதுரையில் இறங்கியதுமே வாடகைக் காரை வாங்கித் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். நல்லதுதான். மலையில் டயர் பஞ்சரானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மட்டும், "ஃபோன் பண்ணினா ஆள் வருவாங்கல்ல?" என்கிறார்கள். வருவார்கள். தேனியிலிருந்து கிளம்பி, லாரிக்குப் பின்னால் வளைவு வளைவாக ஏறி வருவார்கள். அதுவரை பிள்ளைகளோடு சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.

கீழே இருக்கும்வரை பஞ்சர் ஒரு விஷயமே இல்லை. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வரும் சாலையில் பழைய டயரைத் தொங்கவிட்ட கடைகள் வந்துகொண்டே இருக்கும். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறத் தொடங்கினால் கதை வேறு. முந்தல் தாண்டிப் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் பஞ்சர் கடை இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகிறவர்களுக்கு 40 வளைவுகள், அதுவும் காட்டு வழி. மேலே ஏறிக் குமுளியிலோ பூப்பாறையிலோ சேர்ந்துவிட்டால் மறுபடி கடை உண்டு, தமிழிலேயே பேசலாம். ஆனால் கேரளத்தில் ஹர்த்தால் என்று அறிவித்துவிட்டால் அன்றைக்கு அந்தக் கடைகளும் அடைத்திருக்கும். கிளம்பும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதே, மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் டிக்கியை நினைத்துப் பாருங்கள். ஸ்டெப்னிக்கு மேலே நாலு பெட்டி, அதற்கு மேலே அத்தை கொடுத்தனுப்பிய பை. எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி வைத்தால்தான் சக்கரம் கையில் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஜாக்கி. சரிவில் ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டி லேசாக நகர்ந்தாலும் ஜாக்கி சாய்ந்துவிடும். மலைப் பாதையில் சமதளம் கிடைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. பிளக் போடுவதற்கு, அதாவது ஓட்டைக்குள் ரப்பர் ஸ்ட்ரிப்பைத் திணித்து அடைப்பதற்கு, பெரும்பாலும் வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. அதனால்தான் மலைக்குப் போகிறவர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. எல்லாக் காரிலும் ஸ்டெப்னி இருக்கும் என்றும் இல்லை. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டியூப்லெஸ் டயரும், டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும், பழுது பார்க்கும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. வாடகைக் காரைக் கையில் வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அதை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

சரி, என்ன வாங்குவது? டியூப்லெஸ் பஞ்சர் கிட் சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு கைப்பிடி ஊசிகள் இருக்கும். ஒன்று அரம் போலச் சொரசொரப்பானது, மற்றொன்றின் முனையில் காது இருக்கும். கூடவே பிசுபிசுப்பான ரப்பர் ஸ்ட்ரிப் சில, சொல்யூஷன் டியூப் ஒன்று. கைப்பிடி இரும்பாகவும், பிடிக்கும் இடம் குறுக்குக் கட்டையாகவும் இருக்கிற கிட்டாகப் பாருங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி அழுத்தும்போது உடைந்துவிடும். கட்டிங் பிளேயரும் பிளேடும் தனியாக வாங்கி வையுங்கள். அங்கிருந்தே கொண்டு வர வேண்டாம். சொல்யூஷன் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் விடமாட்டார்கள். ஊசிகளைக் கைப்பையில் வைத்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். மதுரையிலோ தேனியிலோ கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். போன வருடம் வாங்கி மச்சான் வீட்டில் வைத்துவிட்டுப் போன கிட்டை எடுக்கிறீர்கள் என்றால் சொல்யூஷனை அழுத்திப் பாருங்கள். திறந்த டியூப் காய்ந்து கல்லாகியிருக்கும்.

கிட்டைவிட முக்கியமானது காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர். பன்னிரண்டு வோல்ட் சாக்கெட்டில் சொருகுகிற வகையே போதும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கம்ப்ரஸரைத்தான் வாங்கச் சொல்வேன். ஆணி ஏறிய டயரில் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். அந்த ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்றை நிரப்பிக்கொண்டு மெல்ல ஓட்டினால் கம்பமோ குமுளியோ போய்ச் சேரலாம், ஊசியைத் தொடவே வேண்டியிருக்காது. வயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பேட்டரியில் ஓடும் வகையை அங்கிருந்து கொண்டு வருவதானால், லித்தியம் பேட்டரி என்பதால் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்த அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். நீங்கள் அங்கே பாரிலும் கிலோபாஸ்கலிலும் பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே எல்லாரும் பிஎஸ்ஐ. 32 பிஎஸ்ஐ என்றால் 2.2 பார், 220 கிலோபாஸ்கல். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஆள் நிறைய, பெட்டி நிறைய என்றால் அதற்குத் தனி எண் போட்டிருக்கும். மலைக்கு அதையே வையுங்கள்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது தட் தட் என்று சத்தம் கேட்கிறது என்றால் உடனே வளைவில் நிறுத்திவிடாதீர்கள். காற்று கொஞ்சமாவது இருந்தால் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு, சாலை அகலமாக, இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரிகிற இடத்துக்குப் போங்கள். முழுக்க இறங்கிய டயரில் ஓட்டினால் பக்கச் சுவர் நசுங்கி டயர் கெட்டுவிடும். இருந்தாலும் வளைவுக்கு நடுவே நிற்பதைவிட டயர் போவது மேல். ஹேண்ட் பிரேக், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு அடை கல். நாலு விளக்கும் மின்னட்டும், முக்கோணப் பலகையைத் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள். பிள்ளைகளைத் தடுப்புச் சுவர் ஓரமாக நிற்க வையுங்கள். கம்பம்மெட்டுச் சாலையில் காலையிலும் சாயங்காலமும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் வரும் வேகம் உங்களுக்குப் பழக்கமிருக்காது. கார்த்திகை தொடங்கி மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்களின் வண்டி வேறு. வால்பாறைப் பக்கம் காட்டுக்குள் என்றால் யானை நடமாட்டத்தையும் யோசிக்க வேண்டும். காற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு ஊர் பார்த்து நகர்வதே சரி, இருட்டிய பிறகு அங்கே இறங்கி உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள்.

இனி டயரைப் பாருங்கள். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரில் சாலையைத் தொடும் தடம் வெளியே தெரியும். பின் சக்கரம் என்றால் கல்லை எடுத்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் உருட்டித்தான் ஆணியைத் தேட வேண்டும். ஆணி தெரியாவிட்டால் பாட்டில் தண்ணீரை ஊற்றுங்கள், குமிழி வரும். கை கழுவும் சோப்புத் துளி கலந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் ஆணி மட்டும்தான் என்றில்லை, திராட்சைப் பந்தல் கம்பித் துண்டு, கருவேல முள் எதுவும் இருக்கலாம்.

கண்டுபிடித்ததும் பிடுங்கிவிடாதீர்கள். முதலில் அது பிளக் போடக்கூடிய ஓட்டைதானா என்று பார்க்க வேண்டும். சாலையில் பதியும் நடுப் பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்கு மிகாத ஓட்டை என்றால் போடலாம். பக்கச் சுவரிலோ, தடமும் சுவரும் சேரும் தோளிலோ இருந்தால் போடவே கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது, பிளக் நிற்காது. கல் கிழித்த நீள வெட்டு, காற்றில்லாமல் நெடுந்தூரம் ஓடி மடிப்பு விழுந்த சுவர், இவையும் ஆகாது. டியூப் உள்ள டயருக்கு இந்த வைத்தியமே கிடையாது. ஸ்போக் சக்கர பைக்கில் பெரும்பாலும் டியூப்தான், ஊசியால் குத்தினால் டியூபும் போகும்.

போடலாம் என்று முடிவானால், டயர் தளர்ந்திருந்தால் கம்ப்ரஸரால் இருபது பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தளர்ந்த டயரில் ஊசி ஏறாது, ரப்பர் உள்ளே அமுங்கும். ஆணியை எடுக்கும் முன்பே ஸ்ட்ரிப்பைத் தயார் செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளை உரித்து, காதுள்ள ஊசியில் கோர்த்து, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, சொல்யூஷனைத் தடவி வையுங்கள். காது குறுகலாக இருக்கும், ஸ்ட்ரிப்பின் நுனியைப் பிளேயரால் நசுக்கி நுழைக்க வேண்டும். காற்று சீறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யப் போனால் கை நடுங்கும்.

அப்புறம் ஆணியைப் பிளேயரால் பிடுங்குங்கள். அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள்; நேராக ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதே சாய்வில் அர ஊசியைச் சொல்யூஷன் தடவி உள்ளே திருகி இறக்கி, சில முறை மேலும் கீழும் இழுங்கள். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். டயருக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கிறது, அது ஊசியைப் பிடிக்கும். உள்ளங்கை வலிக்கும். முழங்காலை ஊன்றி உடம்பின் பாரத்தையே கொடுக்க வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்குகிறோமே என்று தோன்றும். ஓட்டையின் உள்பக்கம் சொரசொரப்பானால்தான் ஸ்ட்ரிப் ஒட்டும், அறுந்த கம்பி முனைகளும் அதைக் கிழிக்காது.

அர ஊசியை எடுத்த கையோடு ஸ்ட்ரிப் ஊசியை இறக்குங்கள். வெளியே இரண்டு நுனியும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக வெளியே இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் சேர்ந்து வந்துவிடும். சரியாக விழுந்தால் சீறல் அந்த நொடியே நின்றுவிடும். மிச்சத்தைப் பிளேடால் வெட்டுங்கள், ஆனால் டயரோடு ஒட்ட வெட்டாமல் மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். சாலையே அதைத் தேய்த்துச் சமமாக்கிவிடும். காற்றை முழு அளவுக்கு ஏற்றித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னும் குமிழி வந்தால் அதே ஓட்டையில் இரண்டாவது ஸ்ட்ரிப் போடலாம். அதற்கும் நிற்கவில்லை என்றால் சமதளம் தேடி ஸ்டெப்னிதான், இல்லையென்றால் உதவிக்கு ஃபோன்தான். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033, எங்கே இருந்தாலும் ஆபத்து என்றால் 112.

கிளம்பும்போது அடை கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். மலைச் சாலை நடுவே யாரோ விட்டுப்போன கல்லில் இரவில் பைக்குகள் மோதுகின்றன. இதை எழுதிச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி அழுத்தம் பாருங்கள், மறுநாள் காலை டயர் குளிர்ந்திருக்கும்போது இன்னொரு முறை. ஓடிச் சூடான டயர் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைக் குறைக்காதீர்கள். நம்மூரில் பிளக் போட்ட டயரை அது தேயும்வரை ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். டயர் நிறுவனங்கள் அதைத் தற்காலிகமென்றே சொல்கின்றன. டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, உள்பக்கம் காளான் வடிவப் பேட்ச் ஒட்டுவதுதான் நிரந்தரப் பழுது. மலை இறங்கியதும் தேனியில் அதைச் செய்துகொள்ளுங்கள். அதுவரை நெடுஞ்சாலையில் நூறில் பறக்க வேண்டாம். டயர் பழையது என்றால் அதுவும் வீண் செலவு. பக்கச் சுவரில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

பஞ்சர் கடைக்குப் போனால் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பெரும்பாலானவர்கள் நேர்மையான உழைப்பாளிகள். ஆனால் ஒரு ஓட்டையோடு போன டயரில் நாலு ஓட்டை காட்டிப் பணம் கேட்கிற கடைகளும் உண்டு. பக்கத்திலேயே நின்று, "அண்ணே, குமிழி வர்ற இடத்தைக் காட்டுங்க" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு ஊசியை எடுக்கச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டயருக்குள் ஊற்றும் பசைத் திரவம் பற்றியும் சொல்வார்கள். வாடகை வண்டியில் வேண்டாம். உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்த பழுதைச் சிரமமாக்கும்.

ஓட்டுநரோடு வண்டி எடுத்திருந்தால் வேலையை அவரிடமே விடுங்கள், கிட்டை மட்டும் எடுத்துக் கொடுங்கள். நீங்களே ஓட்டும் வாடகைக் கார் என்றால் டயர் சேதம் பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான் விழும், ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கேரளத்துக்குள் கொண்டு போகலாமா என்றும் அப்போதே கேளுங்கள். பிளக் போடும் முன் ஆணியோடு ஒரு படம், போட்ட பிறகு ஒரு படம், தேனியில் பேட்ச் ஒட்டியதும் பில். மூன்றையும் அன்றைக்கே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஊர் திரும்பும் நாளில் விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது டயரைக் காட்டிப் பேரம் பேசினால் உங்களால் நின்று பதில் சொல்ல முடியாது.