படிகம் மங்குகிறதா? பொட்டாஷ் உரம் வைத்துப் பாருங்கள்

காமா கதிர் பட்டால் ஒளி மின்னி அதைக் காட்டிக்கொடுப்பவை சீசியம் அயோடைடு, சோடியம் அயோடைடு படிகங்கள். செயற்கைக்கோளில் போகும் அவற்றுக்கு எதிரி விண்வெளிப் புரோட்டான்கள்தான். புரோட்டான்கள் மிகுந்த தென் அட்லாண்டிக் மேல் கடக்கும்போது அவை அடித்து அடித்துப் படிகத்துக்குள் நிறமையங்கள் (ஒளியை உறிஞ்சும் குறைகள்) உண்டாகும், உள்ளே பிறந்த ஒளி வெளியே வருவதற்குள் இந்த நிறமையங்களே விழுங்கிவிடும். சில அணுக்கள் கதிரியக்கமாகி, அந்த இடத்தைக் கடந்த பிறகும் பின்னணிக் கதிர் எண்ணிக்கை எகிறிக்கிடக்கும்.

மண்டபம் கடற்கரை ஊரில் நமக்கு எதிரி உப்புக்காற்று. சோடியம் அயோடைடின் உறையில் மயிரிழை விரிசல் போதும், ஈரம் குடித்து ஓரம் மஞ்சளாகிவிடும்.

இரண்டிலும் மங்கலைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான்: ஆற்றல் தெரிந்த ஒரு காமா கதிரின் சிகரம் இடம் நகர்கிறதா என்று பார்ப்பது. தரையில் அதற்கு உரக்கடையில் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்குங்கள், அதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40, ஆற்றல் வரைபடத்தில் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் சிகரம் காட்டும். வெயில் பட்ட படிகம் தானாக மினுங்கும், அதனால் ராத்திரி முழுக்க இருட்டில் வைத்துவிட்டு விடியற்காலையில் அளந்து பாருங்கள். மத்தியானச் சூட்டில் சிகரம் சும்மாவே நகரும், அதைச் சேதம் என்று எண்ணிவிடாதீர்கள். மாதாமாதம் சிகரம் விழும் சேனல் எண்ணை (வரைபடத்தில் அதன் இடத்தை) குறித்து வையுங்கள். சிகரம் குறைந்த சேனலுக்கு இறங்கி, அகலமும் கூடினால் ஒளி குறைகிறது. அப்புறம் முதலில் படிகத்துக்கும் ஒளியுணரிக்கும் நடுவே உள்ள கிரீஸில் குமிழி இருக்கிறதா பாருங்கள்.

ஃபெர்மி செயற்கைக்கோளில் காமா கதிர் வெடிப்புகளைப் பார்க்கும் ஜிபிஎம் கருவியிலும் இப்படித்தான், அங்கே பின்னணியில் தானாகக் கிடைக்கும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சிகரத்தைப் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.