பழைய மிஷன் பாடசாலையின் வரலாற்றை எழுதுவது எப்படி: வட்டுக்கோட்டையை முன்வைத்துச் சில வழிகள்

பழைய மாணவர் சங்கம் ஒன்று விழா மலருக்காகத் தன் பாடசாலையின் வரலாற்றை எழுத முற்படும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதையே. அதிபர்களின் வரிசையும் கட்டடங்களின் திறப்பு நாள்களும் வரலாற்றுக்கு வேண்டிய எலும்புகள் மாத்திரமே. இந்தப் பாடசாலை இல்லாதிருந்தால் நாட்டின் வாழ்வில் எது நடவாமற் போயிருக்கும் என்ற கேள்வியை மேசையின் மேல் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் உள்ள யாழ்ப்பாணக் கல்லூரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தக் கேள்வியை எவ்வாறு பின்தொடரலாம் என்று சொல்கிறேன்.

காலவரிசையை எழுதும்போது முறிவுகளை மறைக்க வேண்டாம். அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1823இல் டானியல் பூவரை முதல் அதிபராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினறி என்ற மிஷன் உயர்கல்வி நிலையம் தொடங்கியது. 1855இல் அது மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. இடையிலுள்ள 17 ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிட மனம் தூண்டும், ஆனால் வரலாற்றின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலக் கல்வி பெற்ற மாணவர்கள் கிராமத்துப் போதகர்களாகாமல் அரசாங்க உத்தியோகம் தேடிப் போகிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து மேற்பார்வைக்கு வந்த ரூபஸ் அன்டர்சன் கருதியதே மூடலுக்கு முக்கிய காரணம். பின்னர் உயர்கல்வி வேண்டும் என்று வற்புறுத்தி 1872ஆம் ஆண்டுக் கல்லூரிக்கு வழி செய்தவர்களோ இந்த மண்ணின் கிறிஸ்தவர்கள். முதல் நிறுவனம் மிஷனரிமார் கொண்டுவந்தது, இரண்டாவது மக்கள் கேட்டுப் பெற்றது என்ற வேறுபாட்டைத் தெளிவாக எழுதினால், மரபு யாருடையது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்து, சான்றுகள். அனுமதி இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், பழைய கல்லூரிச் சஞ்சிகைகள் ஆகியவை கிடைக்குமா என்று முதலில் பாடசாலை அலுமாரியில் தேடுங்கள். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகை அக்காலத்து யாழ்ப்பாணச் சமூகத்தை அறியப் பெரிதும் உதவும். மிஷன் சபையின் கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்னும் மின்னூலக இணையத்தளத்தை நாடலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆகவே வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய மலர்களையும் கடிதங்களையும் கேட்டு வாங்கிப் படியெடுப்பது தவிர்க்க முடியாத வேலை.

பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். செமினறி மாணவர்களுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் தந்த அமெரிக்கர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. காரல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற இரட்டைப் பெயர்கள் அவ்வாறு வந்தவை. ஒரே ஆள் இடாப்பில் ஆங்கிலப் பெயரிலும் ஊர்ப் பத்திரங்களில் தமிழ்ப் பெயரிலும் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை வைத்து இரு பெயர்களையும் குறித்துக்கொள்ளாவிட்டால் ஒருவரை இருவராக எண்ணிவிடுவீர்கள். ஒரு பிள்ளையின் பெயரையே மாற்றும் அதிகாரம் கொடையாளிக்கு இருந்தது என்பதையும் மலரில் எழுதத்தான் வேண்டும். அதை எழுதுவதால் பாடசாலையின் மதிப்புக் குறையாது.

பாடசாலையின் பங்கை அளப்பதற்கு மாணவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், இருவரும் செமினறியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தார். கலித்தொகை 1887இல் அச்சில் வந்தது. தமிழர் தம் பழைய இலக்கியத்தைத் திரும்பக் கண்டெடுத்த பெரும் பணியில் இது முன்னோடி முயற்சி. அவர் பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தார் என்பதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் முதன்மையான பத்தியில் எழுதுங்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பீற்றர் பேர்சிவலிடம் கற்று, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் கல்வி தனக்கு எதிரான மறுமலர்ச்சிக்கும் கருவி தந்தது. என் பார்வையில் கிறிஸ்தவப் பாடசாலை மரபின் மிகப் பெரிய பயன் இதுவே. ஆனால் நாவலரை வட்டுக்கோட்டையின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதுபோலவே, 1847இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் பணியையும் மானிப்பாய்க்கே விட்டுவிடுங்கள்.

தேசிய எழுச்சி என்ற சொல்லை எழுதும்போது எந்த ஆண்டு, யார், என்ன கோரினார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகமும் அவர் தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்தது. முழுச் சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு ஆகியவை அதன் கோரிக்கைகள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவ்விளைஞர்களின் அழைப்பின் பேரில்தான். 1931இல், பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்புத் திட்டம் சுயராச்சியம் தரவில்லை என்று அவர்கள் நடத்திய பகிஷ்காரத்தால் வடக்கின் நான்கு தொகுதிகள் அரசாங்க சபையில் வெறுமையாயின. அந்த முடிவு தமிழரின் அரசியல் குரலைப் பலவீனப்படுத்தியது என்ற விமர்சனத்தையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்; வாசகர் இரண்டையும் சீர்தூக்கட்டும். பேரின்பநாயகம் பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார் என்பது பிற மதத்தாரும் அவர் மீது வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டும்.

முதியவர்களைச் சந்திக்கும்போது பரிசளிப்பு விழாக்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். யார் எங்கே அமர்ந்து சாப்பிட்டார்கள், யார் கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்று கேளுங்கள். சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமர்வதும் ஒன்றாக உண்பதும், அதாவது சமஆசனமும் சமபோசனமும், யாழ்ப்பாணப் பாடசாலைகளில் போராடிப் பெறப்பட்டவை. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையில் படித்த தாய்மார், பாட்டிமாரின் நினைவுகளையும் தேடுங்கள். பெண் கல்வியை விட்டுவிட்டுச் சொல்லும் மிஷன் வரலாறு அரைகுறையானது.

எழுதி முடித்த படியை அச்சுக்குக் கொடுக்கும் முன், பாடசாலையை நேசிக்கும் பழைய மாணவர் ஒருவரிடமும் அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத சைவ ஆசிரியர் ஒருவரிடமும் தனித்தனியே கொடுத்து, அவர்கள் இருவரும் கோடிட்ட இடங்களை மூலச் சான்றோடு மீண்டும் ஒப்பிடுங்கள். சேகரித்த பத்திரங்களின் மின்வடிவப் படி ஒன்றைப் பாடசாலையில் வையுங்கள். இன்னொன்றை ஊருக்கு வெளியே உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள்.