மேட்டூர் நீர்மட்டத்துக்குத் தானே நகரும் சார்ட்

திருவாரூர் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். வைகாசி வந்துவிட்டால் யூரியா விலையைக் கேட்பதற்கு முன்பே ‘மேட்டூர்ல எவ்வளவு நிக்குது?’ என்றுதான் கேட்பார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு ஜூன் 12-ல் அணை திறக்குமா என்பதை வைத்துத்தான் குறுவை. அதனால் தினமும் நீர்மட்டத்தை எக்செலில் ஏற்றி, கடைசி 30 நாள் சார்ட்டைக் கடைக் கணினியில் திறந்து வைத்திருக்கிறேன். புது வரி சேர்ந்ததும் சார்ட் தானே நகர்ந்துகொள்ளும். அதை அமைக்கும் முறை இது.

முழுப் பட்டியலும் சார்ட்டில் வந்தால் போதும் என்பவர்களுக்கு வேலை சுலபம். பட்டியலுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல்+டி (T) அழுத்தி டேபிளாக்குங்கள், அதிலிருந்து சார்ட் போடுங்கள். கீழே வரி சேரச் சேர சார்ட்டும் நீளும். ஆனால் நமக்கு வேண்டியது கடைசி 30 நாள் மட்டும். அதற்கு ஃபார்முலாவால் ஆன பெயர்கள் வேண்டும்.

ஷீட்டின் பெயர் மேட்டூர். ஏ காலத்தில் (column) தேதி, பி காலத்தில் அடிக்கணக்கு, முதல் வரி தலைப்பு. டி1 (D1) கட்டத்தில் 30 என்று போடுங்கள். கன்ட்ரோல்+எஃப்3 அழுத்தினால் நேம் மேனேஜர் திறக்கும். அதில் மூன்று பெயர்களை உருவாக்குங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், எக்செலில் ஃபங்ஷன், காலம், பெயர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கடைசி: =கவுண்ட்(மேட்டூர்!$ஏ:$ஏ)+1

நாள்: =இண்டெக்ஸ்(மேட்டூர்!$ஏ:$ஏ, மேக்ஸ்(2, கடைசி-மேட்டூர்!$டி$1+1)):இண்டெக்ஸ்(மேட்டூர்!$ஏ:$ஏ, கடைசி)

மட்டம்: நாளுக்கு எழுதியதேதான், இரண்டு இடத்திலும் $ஏ:$ஏ-வுக்குப் பதில் $பி:$பி.

கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். தேதியும் எக்செலுக்கு எண்தான், தலைப்பு எழுத்து. அதனால் தலைப்புக்காக 1 கூட்டினால் கடைசி வரியின் எண் வந்துவிடும். மேக்ஸ் எதற்கு? பட்டியலில் 30 நாள் சேராதபோதும் ஆரம்பம் தலைப்புக்குப் போகாமல் 2-ஆம் வரியிலேயே நிற்பதற்கு.

எண்ணிக்கையை எப்போதும் தேதியில் எடுங்கள். ஒருநாள் அடிக்கணக்கு கிடைக்காமல் கட்டம் காலியாக இருந்தாலும் அன்றைக்கு மட்டும் கோடு விட்டுப்போகும், மற்ற நாட்கள் இடம் மாறாது. ஏ காலத்தில் நடுவில் காலி வரியும் விடக்கூடாது, கடைசி வரி விடுபட்டுப்போகும். 12.06.2024 என்று புள்ளி வைத்து அடிப்பதிலும் இதே ஆபத்து. நம் ஊர் அமைப்பில் எக்செல் அதைப் பெரும்பாலும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கவுண்ட் அதை எண்ணாது. கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் அது தேதியல்ல. கோடு போட்டு 12-06-2024 என்று அடியுங்கள்.

பலர் இதற்கு ஆஃப்செட் சொல்லித் தருவார்கள். அதுவும் ஓடும். ஆனால் ஃபைலில் எங்கே எதைத் தொட்டாலும் அது மறுபடி கணக்குப் போடும், ஃபைல் பெருத்தால் தடுமாறும். இண்டெக்ஸே என் கட்சி.

சார்ட்டுக்குப் போகுமுன் நேம் மேனேஜரில் ‘மட்டம்’ பெயரைத் தேர்ந்து, அடியில் உள்ள ஃபார்முலா பெட்டியில் கிளிக் செய்யுங்கள். ஷீட்டில் கடைசி 30 கட்டங்களைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடினால் எல்லாம் சரி.

அப்புறம் லைன் சார்ட் ஒன்றைப் போட்டு, வலது கிளிக், செலக்ட் டேட்டா, எடிட். சீரீஸ் வேல்யூஸ் பெட்டியில் =மேட்டூர்!மட்டம் என்று அடியுங்கள். ஷீட் பெயரும் ஆச்சரியக்குறியும் கட்டாயம். வெறும் பெயரை எக்செல் ஏற்காது. ஓகே கொடுத்ததும் ஷீட் பெயர் இருந்த இடத்தில் ஃபைல் பெயர் வந்து நிற்கும், பயப்பட வேண்டாம். கிடைமட்ட அச்சுக்கு =மேட்டூர்!நாள். இனி டி1-ல் 30-ஐ 90 ஆக்கினால் சார்ட்டும் 90 நாளுக்கு விரியும்.

செங்குத்து அச்சை மட்டும் எக்செல் விருப்பத்துக்கு விடாதீர்கள். நாட்கள் நகரும்போது அளவையும் அது மாற்றிக்கொள்ளும், இரண்டு அடி இறங்கினாலே அணை வற்றியது போலக் காட்டும். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. மினிமம் 0, மேக்ஸிமம் 120 என்று நிலைப்படுத்திவிடுங்கள்.