எங்க ஃபோர்செக் ஓட்டைய அடைச்ச விதம்

டொரன்டோ பக்கம் ஒரு அடல்ட் ஐஸ் ஹாக்கி லீக்ல ஆடுறோம், முக்காவாசிப் பேர் நாப்பது தாண்டினவங்க, ஆனா ஃபோர்செக்னா (எதிராளி ஏரியாவுக்கே போய் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டைப் பறிக்கப் பாக்குறது) 2-1-2 தான்னு அடம், அதாவது முன்னாடி ரெண்டு பேர், நடுவுல ஒருத்தர், பின்னாடி ரெண்டு டிஃபென்ஸ்மேன். ரெண்டு ஃபார்வர்டு கார்னருக்குப் பாய்வாங்க, மூணாவது ஆளும் ஆசைல உள்ள போயிடுவாரு, அதே நேரம் பார்த்து டிஃபென்ஸ்மேன் போர்டு (ரிங்க் சுவர்) ஓரமா பின்ச் பண்ணுவாரு, அதாவது தன் இடத்த விட்டு முன்னேறிப் பாய்வாரு, ஒரே பாஸ்ல மூணு பேர் எங்க கோலியப் பார்த்து வருவாங்க, தடுக்க ஒரே ஆளு.

அதான் 1-2-2க்கு மாறினோம்: முன்னாடி ஒருத்தர், அவருக்குப் பின்னாடி ரெண்டு ஃபார்வர்டு, கடைசில ரெண்டு டிஃபென்ஸ்மேன். முதல் ஆள் பக்கை நோக்கி நேரா ஓடக்கூடாது, வளைஞ்சு வந்து ஸ்டிக்கால நடுப்பாதைய மறைச்சு எதிராளிய ஒரு பக்கமா ஒதுக்கணும். அவன் நெட்டுக்குப் பின்னாடி நின்னான்னா துரத்தவே கூடாது, சுத்தி சுத்தி ஓடினா மூச்சுதான் வாங்கும். அவன் போற பக்கத்து ஆள் போர்ட அடைப்பாரு, இன்னொருத்தர் நடுவுல மேலேயே நிப்பாரு. நம்ம டிஃபென்ஸ்மேன் பின்ச் பண்ணா அந்த இடத்துக்கு இவர் இறங்கியே ஆகணும், முக்காவாசி கோல் நின்னது இதுலதான்.

போரிங்னு முணுமுணுத்தாங்க. 1995ல நியூ ஜெர்சி டெவில்ஸ் டீமும் ட்ராப் (இதே மாதிரி நடுப்பாதைய அடைச்சுக் காத்திருந்து ஆடுறது) ஆடித்தான் ஃபைனல்ல டெட்ராய்ட்ட 4-0ன்னு சாத்தி என்ஹெச்எல் லீக்கோட ஸ்டான்லி கப் தூக்குனாங்க, அவங்களையும் இதே வார்த்தைலதான் திட்டுனாங்க.

கடைசி பீரியட்ல கோல் பின்தங்கினா மட்டும் 2-1-2, அதுவும் சின்னச் சின்ன ஷிஃப்டா, சீக்கிரம் சீக்கிரம் ஆள் மாத்தி.