கூர்ப்பும் விருத்தியும்: ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து விலங்கியலில் பட்டம் முடித்த பிள்ளைகள் "அண்ணா, கனடாவுக்குப் பிஎச்.டி. எப்படிப் போடுறது?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைப் பற்றி ஆராயப் போகிறீர்கள்? பலர் அதை யோசித்தே இருக்கமாட்டார்கள். நாட்டை முதலில் தெரிவுசெய்துவிட்டு ஆய்வுக் கேள்வியைப் பிறகு தேடுவதுதான் பெரிய பிழை, மற்றப் பிழைகளில் முக்கால்வாசி அதிலிருந்து வருபவை.

கூர்ப்பையும் விருத்தியையும் சேர்த்துப் பார்க்கிற இந்தத் துறையில் அது இன்னும் மோசமாக அடிக்கும். ஒரு முட்டையிலிருந்து உடல் எப்படி உருவாகிறது, அந்த உருவாகும் முறையே காலப்போக்கில் மாறி எப்படி வேறு வேறு உடல்களைத் தந்தது என்பதுதான் இங்கே விஷயம். பழ ஈயின் உடலை முன்பின்னாக ஒழுங்குபடுத்தும் ஹொக்ஸ் ஜீன்களுக்கு உறவான ஜீன்கள் எலியிலும் மனிதரிலும் இருப்பது 1980களில் தெரியவந்த பிறகு துறை சூடுபிடித்தது. ஒவ்வோர் ஆய்வுகூடமும் ஓர் உயிரியை, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காக இருக்கும். பழ ஈ வளர்க்கிற இடத்துக்கு யானையில் ஆர்வம் என்று எழுதினால் யார் பதில் போடுவார்கள்?

அடுத்தது அந்த ஈமெயில். "மதிப்புக்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வுகூடத்தில் இணைய ஆவலாக உள்ளேன், சுயவிபரக்கோவை இணைத்துள்ளேன்." இதை ஐம்பது பேருக்கு அனுப்புகிறார்கள், அதில் பாதிப்பேர் பெண்கள், அவர்களுக்கும் "ஐயா" தான். பேராசிரியரின் அண்மைய கட்டுரை ஒன்றையாவது வாசித்து, அதில் உங்களுக்கு விளங்காத அல்லது உறுத்திய ஓரிடத்தைச் சொல்லி, இறுதியாண்டு ஆய்வில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி, வரும் வருடம் மாணவர் எடுக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வளவு போதும்.

கேள்விக்கு எங்கே போவது என்கிறீர்களா? மாரி தொடங்கியதும் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்கு மேலே வெள்ளை நுரை ஒன்று ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மரத்தவளையின் கூடு அது. உள்ளே முட்டை பொரித்து, வாற்பேய்கள் நழுவித் தண்ணீரில் விழும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு தவளைகள் இதே தீவில் ஈரமண்ணில் முட்டையிடுகின்றன, அவற்றில் வாற்பேய்ப் பருவமே வெளியில் இல்லை, முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வருகிறது. அந்தப் பருவம் முளையத்துக்குள் எங்கே போனது, வாற்பேயைத் தவளையாக மாற்றுகிற தைரொயிட் ஓமோன் இவற்றில் எந்த நேரத்தில் வேலை தொடங்குகிறது? இப்படி ஒன்றோடு எழுதுகிற பிள்ளையின் கடிதம் தனியாகத் தெரியும்.

ஆனால் ஆர்வத்தில் பிடித்துப் போத்தலில் போட்டுவிடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் காட்டு உயிர்களைச் சேகரிக்கவோ மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது, அப்படி எடுத்த தரவை நல்ல ஆய்வுகூடம் தொடாது. நல்ல நுணுக்குக்காட்டி இல்லை என்று சும்மா இருப்பதும் சரியில்லை. ஜீன் வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜென்பாங்க், என்செம்பிள் என்ற இணையத் தரவுத்தளங்கள் இரண்டும் இலவசம், தரவைப் பகுப்பாய்வு செய்யும் ஆர் (R) மென்பொருளும் இலவசம். மடிக்கணினியும் டேட்டாவும் இருந்தால் விசுவமடுவில் இருந்துகொண்டே ஜீன் வரிசைகளை ஒப்பிட்டுப் பழகலாம்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே பிஎச்.டி.க்குப் போடலாம், முடிவு திகதி பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி வரும். ஜெர்மனியில் பொதுவாக முதுமாணி கேட்பார்கள். அது இல்லாதவர்கள் குரோனிங்கன், உப்சாலா, மியூனிக், மொன்பெலியே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் மெமே என்ற கூர்ப்பு உயிரியல் முதுமாணியைப் பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் புலமைப்பரிசில் அந்த வருடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழினுட்ப நிறுவனம் (OIST) ஆங்கிலத்திலேயே நடக்கிறது, முதல் பட்டத்தோடும் எடுப்பார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டக்காரர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு முதுமாணி முடித்துவிட்டுப் போவது நல்லது.

காசு விஷயம். அமெரிக்காவில் விஞ்ஞானப் பிஎச்.டி. மாணவருக்குப் பொதுவாகக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொண்டு மாதப் படியும் தரும். காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்குக் கட்டுகிறவர்கள் வாங்குவது அநேகமாகக் கட்டணம் கட்டிப் படிக்கிற ஏதோவொரு கோர்ஸ். பிஎச்.டி.க்கு ஏஜென்ட் தேவையே இல்லை, யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

சிபாரிசுக் கடிதத்துக்கு எம்.பி., பள்ளிக்கூட அதிபர், பங்குத் தந்தை எல்லாரிடமும் போகிறார்கள். அது நற்சான்றிதழ், வேறு சாமான். உங்கள் ஆய்வைக் கிட்டவிருந்து பார்த்த விரிவுரையாளர்தான் எழுதவேண்டும், அவரிடம் ஒரு மாதத்துக்கு முன்னமே கேளுங்கள். ஐஈஎல்டிஎஸ்ஸுக்குக் காசு கட்ட முதல், ஆங்கில மூலம் படித்ததாகப் பதிவாளர் தரும் கடிதம் போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள், சில இடங்கள் ஏற்றுக்கொள்ளும்.

பதில் வராவிட்டால் இரண்டு கிழமை பொறுத்து ஒரேயொரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் சத்தமில்லை என்றால் அடுத்த ஆய்வுகூடத்தின் கட்டுரையை எடுத்து வாசிக்கத் தொடங்குங்கள், வாட்ஸ்அப் நம்பர் தேடிப் பிடித்து "ஹாய் சேர்" போடவேண்டாம்.